பத்து நிமிட இடைவெளி

ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு என்றதும்
வங்கிக்காரர் கால்குலேட்டரை இரண்டு தரம் தட்டினார்.
"போதும், தியோலிந்தா. மீனுக்குப் போதும், மின்சாரத்துக்குப் போதும்.
பகலுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?"
அவர் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

சாந்தா மரியா,
அட்லாண்டிக்கின் சட்டையிலிருந்து தெறித்த பொத்தான்.
இங்கே உட்கார்ந்துகொண்டு இருபத்தெட்டு வருடம்
கடலைக் கடக்கும் விமானங்களை
ஒன்றோடொன்று முட்டாமல் அனுப்பிவைத்தேன்.
ஒன்றையும் கண்ணால் பார்த்து அல்ல.
காகிதப் பட்டையில் எண், உயரம், நேரம்.
முன்னே போவதற்கும் பின்னே வருவதற்கும் நடுவில்
பத்து நிமிடம்.
அந்த ஒன்றுமில்லாததைக் காவல் காக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

அதனால் திட்டம் போடத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.
கடைசி நாள் கேக் வெட்டி முடிந்ததும்
எழுதாத பட்டைகள் ஒரு கட்டு
கைப்பைக்குள் வந்து விழுந்தன.
திருட்டுதான். ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் ஒரு வாரத்தைப் பரப்பினேன்.
திங்கள் ஏழு மணி, கடலில் நீச்சல்
(தீவில் பிறந்தும் கழுத்துக்கு மேல் நனைந்ததில்லை).
எட்டரைக்கு முலாம்பழக் கொடி.
செவ்வாய், மாடி அறையின் பச்சைச் சுவருக்கு வேறு நிறம்.
புதன் மாலை,
அயர்லாந்துப் பக்கத்திலிருந்து
இரவெல்லாம் என்னோடு பேசிய குரலுக்கு ஒரு கடிதம்.
முகம் தெரியாது. தும்மல் தெரியும்.
வெள்ளி, அக்கார்டியன்.
அக்கார்டியன் இன்னும் வாங்கவில்லை.

எர்மீனியோவுக்குத் துறைமுகத்தில் இன்னும் ஆறு வருட வேலை.
டீசல் மணக்கும் விரலால்
பட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் படித்தார்.
"எல்லாம் சரி. இதில் நான்
எந்த உயரத்தில் பறக்கிறேன்?"

தேடினேன்.
அவர் எங்கேயும் இல்லை.
சிரித்து மழுப்பி, புதிதாக ஒரு பட்டை எடுத்து
அவர் பெயரை எழுதினேன். நேரம் எழுதவில்லை.
ஏழாம் வருடத்துக்கு
என்ன மணி போடுவது?

பிறகு தொடங்கியது.
தங்கை ஸெலியா: "நீ சும்மாதானே இருக்கிறாய்,
பையனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போ."
பக்கத்து வீட்டு அமாரோ: "சும்மாதானே,
இந்த ஆட்டு மானியப் படிவத்தைக் கொஞ்சம் பார்."
சர்ச்சில் திருவிழாச் சூப்புக்கு
இருநூறு ரொட்டி நறுக்க என் பெயரைக்
கேட்காமலே சேர்த்திருந்தார்கள்.
சும்மா என்ற சின்னச் சொல்லுக்குள்
ஊரே வண்டியை நிறுத்திக்கொண்டது.
நான் பட்டைகளை மாற்றி மாற்றி அடுக்கினேன்.
இதை மேலே ஏற்று, அதைத் தாமதப்படுத்து,
கடிதத்தை வட்டமடிக்க விடு.
கடிதம் மூன்று வாரமாக வட்டமடித்தது.

நேற்று
கொடிக்குத் தண்ணீர் விடப் போனவள்
வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தேன்,
சாய்ந்தேன்,
தூங்கிப்போனேன்.

விழித்தபோது வெயில் முழங்காலுக்கு வந்திருந்தது.
நெஞ்சு படபடக்க
கை தானாகக் காதுக்குப் போனது, ஹெட்போனைத் தேடி.
நீச்சலும் பல் டாக்டரும்
ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில்.
மோதிவிட்டன.

யாரும் சாகவில்லை.

குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது.
ஒரு கொடி தேவைக்கு மேல் குடித்திருந்தது.
ஸெலியாவின் பையன், பல் தப்பித்த குஷியில்,
வேலிமேல் உட்கார்ந்து வானத்தைக் காட்டினான்:
"பெரியம்மா, அது எங்கே போகிறது?"

வெள்ளைக் கோடு ஒன்று மேற்கே நீண்டுகொண்டிருந்தது.
எனக்குத் தெரியாது என்றேன்.
இந்தச் சொல்லை
வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாள்.
கோடு கலையும்வரை பார்த்தோம்.
அடுத்தது வரப் பத்து நிமிடத்துக்கு மேலேயே ஆனது போலிருந்தது,
நான் மணி பார்க்கவில்லை.

சாயங்காலம் எர்மீனியோ வந்தார்.
ரொட்டி வாங்க மறந்துவிட்டேன்.